எக்செல் கோப்பும் 1,200 பொய் மாணவர்களும்

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருத்திக்கு லோட் டெஸ்ட் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எக்செல். அவ்வளவுதான் :-) எனக்கு ஜாவா தெரியாது. சர்வர் எந்த அறையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு வெப்சைட் கூட்டத்தைத் தாங்குமா என்று பார்க்கிற வேலையில் பாதிக்கு மேல் எக்செல் வேலைதான் என்பதைப் போன செமஸ்டரில் கண்ணால் பார்த்தேன். என் வகுப்புத் தோழிகளுக்கு இது புது விஷயமாக இருக்கும் என்பதால் இந்தப் பதிவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

கல்யாணத்துக்கு 500 பேர் வருவார்கள் என்றால் முந்தின நாளே 500 பேரைக் கூப்பிட்டு ஒரு பந்தி போட்டுப் பார்க்க முடியாது. வெப்சைட்டுக்கு அது முடியும். ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, 500 பேர் வந்து லாகின் செய்து, பட்டனை அழுத்துவது போல நடிக்க வைக்கலாம். இதுதான் லோட் டெஸ்ட்.

இதற்கு நிறைய மென்பொருள்கள் உண்டு. எங்கள் கல்லூரி எம்.சி.ஏ. அண்ணன்கள் பயன்படுத்தியது ஜேமீட்டர். அப்பாச்சி அமைப்பின் இலவச மென்பொருள், 1998 முதல் இருக்கிறது. அதில் எத்தனை ஆட்கள், எத்தனை விநாடிக்குள் எல்லோரும் உள்ளே வர வேண்டும், ஒவ்வொருவரும் எத்தனை முறை செய்ய வேண்டும் என்று மூன்று எண்களைக் கொடுத்தால் கூட்டம் தயார். இந்தப் பொய் ஆட்களுக்கு அதில் திரெட் என்று பெயர்.

ஆள் தயார். ஆனால் அந்த ஆள் யார்? அவருடைய பதிவெண் என்ன, பிறந்த தேதி என்ன, எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்? இதையெல்லாம் ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். சிஎஸ்வி என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எக்செல் அட்டவணையின் கட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டு, நடுவில் காற்புள்ளி போட்டால் கிடைக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு வரி என்றால் ஒரு ஆள். ஜேமீட்டரில் 'சிஎஸ்வி டேட்டா செட் கன்ஃபிக்' என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. ஒவ்வொரு திரெட்டும் வந்து வரிசையில் அடுத்த வரியை எடுத்துக்கொண்டு, 'நான்தான் இந்தப் பதிவெண்காரன்' என்று சொல்லி உள்ளே போகும்.

சரி, கதைக்கு வருவோம்.

எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் வேறு துறையின் பேப்பர் ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும். சுமார் 1,200 பேர். 24 பேப்பர்கள், ஒவ்வொன்றிலும் 50 இடம். கணக்கு சரியாக வருகிறது இல்லையா? ஆனால் எல்லோருக்கும் வேண்டியது நாலு பேப்பர்தான். ஒரு குறிப்பிட்ட நாள் காலை 10 மணிக்கு வெப்சைட் திறக்கும். முந்துபவருக்கு இடம்.

அதற்கு முந்தைய ஆண்டு பக்கம் 10 மணிக்கே தொங்கிவிட்டது. 11.30-க்கு எழுந்து வந்தபோது நல்ல பேப்பர் எல்லாம் போயிருந்தது. என் ஹாஸ்டல் தோழி ஒருத்தி வரலாறு படிக்கிறாள். படித்து முடித்ததும் ஊரில் ஏதாவது ஒரு கடையில் கணக்கு எழுதவாவது வேலை கிடைக்கும் என்று எங்கள் துறை நடத்தும் டேலி பேப்பரை நம்பியிருந்தாள். அன்று லீவில் ஊரில் இருந்தவள், அப்பாவின் போனை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ரெஃப்ரெஷ் செய்தாள். கிடைத்தது, அவள் கேள்விப்பட்டே இராத ஒரு பேப்பர். இரண்டு செமஸ்டர் அதைப் படித்தாள். அதற்காக யாரும் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. 'சர்வர் டவுன்' என்றார்கள், அவ்வளவுதான். மழை பெய்தது என்பது போல.

இந்த முறை எம்.சி.ஏ. அண்ணன்கள் மூன்று பேர் புதுப் பக்கம் ஒன்றை எழுதினார்கள். துறைத்தலைவர் அனுமதியுடன், நகல் சர்வர் ஒன்றில் ராத்திரி டெஸ்ட். "உங்க டிபார்ட்மெண்ட்ல எக்செல் நல்லா தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா அனுப்புங்க சார்" என்று கேட்டதில் நான் போனேன்.

நான் போவதற்கு முன்பே முதல் டெஸ்ட் முடிந்திருந்தது. 500 ஆட்கள், ஒரு நிமிடத்துக்குள். சராசரி பதில் நேரம் கால் விநாடிக்கும் குறைவு. பிழை பூஜ்யம். "எல்லாம் பச்சை. நாளைக்கே லைவ் விட்டுடலாம்மா" என்றார் ஒரு அண்ணன்.

ஜேமீட்டர் தரும் முடிவுக் கோப்பும் சிஎஸ்விதான். அதை எக்செலில் திறந்து ஃபில்டர் போட்டேன். பழக்க தோஷம், வேறொன்றும் இல்லை. பதிலின் அளவு எத்தனை பைட் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் முதல் ஆளுக்கு ஒரு எண். மீதி 499 பேருக்கும் வேறு ஒரே எண்.

"அண்ணா, ஒரு நிமிஷம். 499 பேருக்கும் அச்சா ஒரே அளவுல பதில் வந்திருக்கே, எப்படி?"

திறந்து பார்த்தால், அந்த 499 பதிலும் 'நீங்கள் ஏற்கனவே பதிவு செய்துவிட்டீர்கள்' என்ற பக்கம். டெஸ்டில் ஒரே ஒரு பதிவெண்தான் கொடுத்திருந்தார்கள். முதல் ஆள் பேப்பர் எடுத்துவிட்டார். மற்ற 499 பேரும் அதே ஆளாகவே வந்து, வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். வாசலில் 'போய் வாங்க' என்று சொல்ல கால் விநாடி போதுமே! சர்வரும் ஒழுங்காக '200, ஓகே' என்று சொல்லியிருக்கிறது. அதன் கணக்கில் பக்கம் ஒன்றை அனுப்பியாயிற்று. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதன் கவலை இல்லை.

காமர்ஸ் மக்களே, இது நமக்குப் பழகிய இடம். இருப்பாய்வு இரண்டு பக்கமும் சமமாக வந்தால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை என்று பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். விதிப் பிழை, ஈடுசெய் பிழை எல்லாம் இருப்பாய்வில் தெரியாது. தணிக்கையில் ஒரே வவுச்சரை 500 ஜெராக்ஸ் போட்டு '500 வவுச்சர் சரிபார்த்தேன்' என்று எழுதினால் எப்படி இருக்கும்? அந்தப் பச்சை விளக்கு அதுதான்.

அன்றிலிருந்து டேட்டா கோப்பு என் பொறுப்பு.

ஆபீஸில் உண்மையான மாணவர் பட்டியலையே தரத் தயாராக இருந்தார்கள். வேண்டாம் என்றேன். 1,200 பேரின் பிறந்த தேதி யாருடைய பென் டிரைவிலோ சுற்றுவதற்கு ஒரு டெஸ்ட் காரணமாக இருக்கக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்ட நாட்டில் இருக்கிறோம். எனவே பொய்ப் பெயர், பொய்ப் பதிவெண், பொய்த் தேதி.

பொய் என்றாலும் இலக்கணத்தோடு இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம் (நமக்கு 33), அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து முன்னால் இருப்பவை சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கானது. மனதுக்குத் தோன்றிய 15 எழுத்தைத் தட்டினால் வாசலிலேயே தள்ளிவிடும். அப்படிப்பட்ட கோப்பை வைத்து டெஸ்ட் செய்தால், வெப்சைட் எவ்வளவு வேகமாக ஆளை விரட்டுகிறது என்பது மட்டும்தான் தெரியும். எங்கள் பதிவெண்ணும் அப்படித்தான்: ஆண்டு, துறை, வரிசை எண் என்று ஒழுங்கு உண்டு.

அடுத்த எதிரி எக்செலே :-( நம் நண்பன்தான், ஆனால் அதிகம் உதவி செய்யும் நண்பன். 0 என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் அந்தப் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். தேதி மாதிரி எதையாவது கண்டால் தேதியாகவே மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்1, செப்ட்1 என்று பெயர் இருந்ததால் எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று ஆக்கிக்கொண்டிருந்தது! ஆகவே, தட்டுவதற்கு முன்பே பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வகை சிஎஸ்வியாகச் சேமியுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். பேப்பர் பெயருக்குள் காற்புள்ளி வந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். கடைசியில் கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். எக்செல் காட்டுவதை ஜேமீட்டர் படிக்காது, நோட்பேடில் தெரிவதைத்தான் படிக்கும்.

ஜேமீட்டர் பக்கத்தில் மூன்று அமைப்புகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, கோப்பு தீர்ந்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கலாமா என்பது. சும்மா விட்டால் 'ஆம்' என்றுதான் இருக்கும். 1,200 வரி வைத்து 2,000 முறை ஓட்டினால் 800 பேர் இரண்டாம் முறை வருவார்கள். மறுபடி அதே 'ஏற்கனவே பதிவு செய்துவிட்டீர்கள்' கதை.

இரண்டு, தீர்ந்ததும் திரெட்டை நிறுத்தலாமா என்பது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் இதற்கு 'ஆம்' சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்றால், கோப்பு முடிந்தது என்பதற்கான அடையாளச் சொல்லே பதிவெண்ணாகச் சர்வருக்குப் போகும்.

மூன்று, யார் யாரோடு கோப்பைப் பகிர்கிறார்கள் என்பது. எல்லாத் திரெட்டுக்கும் பொது என்றால் ஆளுக்கு ஒரு வரி. திரெட்டுக்குத் தனித்தனி என்றால் எல்லோரும் தலா ஒரு முதல் வரியோடு கிளம்புவார்கள். பழைய குருடி கதவைத் திறடி.

இதெல்லாம் தொழில்நுட்பம். இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

1,200 வரியில் யார் எந்த பேப்பரைக் கேட்பதாக எழுதுவது? 24 பேப்பருக்கும் தலா 50 என்று சமமாகப் பிரித்து எழுதினால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். டெஸ்டும் பிரமாதமாக வரும். ஆனால் எந்த ஊரில் மாணவர்கள் அப்படிச் சமமாகப் பிரிந்து கேட்கிறார்கள்? ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு தாளை ஒட்டி, 'எந்த பேப்பர் வேண்டும், கோடு போடுங்கள்' என்று எழுதி வைத்தேன். இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. அந்த விகிதத்திலேயே கோப்பை எழுதினேன். 700 வரிகள் நாலே பேப்பரை நோக்கி. டேலிக்கு மட்டும் 260.

பிறகு 'யோசிக்கும் நேரம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். லாகின் செய்த பிறகு பட்டனை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும் என்பது. ஜேமீட்டரில் அதை மில்லி விநாடியில் கொடுத்தால் அந்த ஆள் அத்தனை நேரம் சும்மா காத்திருப்பார். இதற்காகத் தோழிகளிடம் நகல் பக்கத்தைக் கொடுத்து, போனில் செய்யச் சொல்லி நேரம் பார்த்தேன். லேப்டாப் வைத்திருந்தவளுக்கு 20 விநாடி. நான் மேலே சொன்ன வரலாற்றுத் தோழிக்கு 4 நிமிடம் 10 விநாடி. அவள் மந்தமானவள் இல்லை. ஒவ்வொரு பேப்பரிலும் என்ன பாடம் என்று தெரிந்துகொள்ள பிடிஎஃப் ஒன்றை இறக்க வேண்டியிருந்தது, நெட் இரண்டு கோடு. அப்படிப்பட்டவர்களுக்காக 30 வரிகள் எழுதினேன். பத்தியில் 2,50,000.

கடைசியாக 'எதிர்பார்ப்பு' என்று ஒரு பத்தி. 40 வரிகளில் வேண்டுமென்றே தவறான பிறந்த தேதி கொடுத்து, அவர்களுக்கு 'தவறான விவரம்' என்ற பதில்தான் வர வேண்டும் என்று எழுதி வைத்தேன். மற்றவர்களுக்கு 'உறுதி செய்யப்பட்டது' அல்லது 'இடம் நிறைந்துவிட்டது'. வந்த பதிலில் அந்தச் சொல் இல்லையென்றால் ஜேமீட்டர் அதைப் பிழை என்று குறிக்கும். நாம் போடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் மாதிரிதான். நம் ஏட்டில் இருப்பதும் அவர்கள் ஏட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

ஓட்டினோம். இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன.

முதலாவது: டேலி பேப்பரில் 50 இடம். இடம் கிடைத்தவர்கள் 57 பேர்! ஒரே விநாடியில் பல பேர் வரும்போது, 'இடம் இருக்கிறதா' என்று பார்ப்பதும் 'பெயரை எழுது' என்பதும் தனித்தனி வேலையாக இருந்திருக்கிறது. ஒரே பேரேட்டை இரண்டு குமாஸ்தாக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இருவரும் '49 ஆச்சு, ஒன்று பாக்கி' என்று பார்த்து, இருவரும் எழுதிவிடுகிறார்கள். ஒரே பதிவெண்ணோடு எத்தனை ஆயிரம் முறை டெஸ்ட் செய்தாலும் இது வெளியே வராது. சமமாகப் பிரித்த கோப்பிலும் வராது, அதில் 51-ஆம் ஆளே கிடையாதே. அண்ணன்கள் பார்ப்பதையும் எழுதுவதையும் டேட்டாபேஸில் ஒரே மூச்சில் நடக்கும்படி மாற்றினார்கள். மறுபடி ஓட்டினோம். சரியாக 50.

உண்மையான நாளில் இது நடந்திருந்தால்? 57 பேர் சந்தோஷமாக வீட்டுக்குப் போன் செய்திருப்பார்கள். ஒரு வாரம் கழித்து ஆபீஸில் ஏழு பேரின் பெயரை அடித்திருப்பார்கள். எந்த ஏழு என்று நான் சொல்ல வேண்டுமா?

இரண்டாவது: அந்த 30 மெதுவான வரிகள். முப்பதும் பிழை. மூன்று நிமிடம் எதையும் அழுத்தாமல் இருந்தால் பக்கம் ஆளை வெளியே தள்ளிவிடும்படி எழுதப்பட்டிருந்தது. நாலு நிமிடம் யோசித்தவர்கள் பட்டனை அழுத்தினால் மறுபடி லாகின் பக்கம். மறுபடி பதிவெண், மறுபடி பிறந்த தேதி. அதற்குள் இடம் காலி. மொத்தக் கணக்கில் இது இரண்டரை சதவீதம்தான். பதில் நேரத்தின் சராசரியில் இது துளிகூடத் தெரியவில்லை, லாகின் பக்கம் வேகமாகத்தானே வருகிறது! வணிகப் புள்ளியியல் பாடத்தில் சராசரி ஆளை ஏமாற்றும் என்று படித்து பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதை முகத்தோடு பார்த்தது அன்றுதான். மூன்று நிமிடத்தைப் பதினைந்து நிமிடமாக மாற்றினார்கள். ஒரே ஒரு எண்ணை மாற்றுகிற வேலை.

இதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். டேட்டா கோப்பு என்பது 'யார் வருவார்கள்' என்று நாம் நம்புவதன் பட்டியல். அதில் வரியாக இல்லாதவர் அந்த டெஸ்டைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. போன வருடம் என் தோழிக்கு நடந்ததை 'சர்வர் டவுன்' என்று சொன்னார்கள். பக்கம் எழுந்தே இருந்திருந்தாலும் அவளுக்கு இடம் கிடைத்திருக்காது. அவளைப் போல ஒருத்தி வருவாள் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு வெப்சைட் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் 6 பேர் என்று பின்னால் வெளியான உள்குறிப்புகள் காட்டின. விலையைச் சும்மா பார்க்க வந்தவர்கூட முதலில் கணக்கு ஒன்றைத் தொடங்கியே ஆக வேண்டும் என்று வைத்திருந்ததும் நெரிசலுக்கு ஒரு காரணம். வருபவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள் என்பது கடை வைத்திருக்கும் எந்த அண்ணாச்சிக்கும் தெரியும்.

நம் ஜிஎஸ்டி தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் 20-ஆம் தேதி என்றால் எல்லோரும் 20-ஆம் தேதிதான் வருவார்கள். 2020 ஜனவரியில் மத்திய அரசு 3பி ரிட்டர்னுக்கான கடைசித் தேதியை 20, 22, 24 என்று மூன்றாகப் பிரித்து அறிவித்தது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு 20, மற்றவர்களுக்கு மாநிலத்தைப் பொறுத்து 22 அல்லது 24. கூட்டத்தைத் தாங்க சர்வரைப் பெரிதாக்குவது ஒரு வழி. எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொல்லாமல் இருப்பது இன்னொரு வழி.

அதனால் துறைத்தலைவரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். 1,200 பேரும் ஏன் 10 மணிக்கே வர வேண்டும்? மூன்று நாள் அவகாசம் கொடுத்து விருப்ப வரிசையை வாங்கிக்கொண்டு, பிறகு இடம் ஒதுக்கலாமே? பொறியியல் கவுன்சலிங்கே 2018-லிருந்து ஆன்லைனில் விருப்பப் பட்டியல் வாங்கித்தானே நடக்கிறது? இந்த ஆண்டுக்கு நேரமில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. பார்க்கலாம்.

இந்த ஆண்டு பக்கம் தொங்கவில்லை. டேலியில் 50 பேர். ஆனால் என் தோழி இப்போது மூன்றாம் ஆண்டு, அவளுக்கு இது உதவாது. மெஸ்ஸில் அந்தத் தாளை ஒட்டியபோது பசை பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

காமர்ஸ் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஐடி வேலை நமக்கு வராது' என்று ஒதுங்காதீர்கள். யார் வருவார்கள், எதைக் கேட்பார்கள், கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நம் தொழில். உங்கள் கல்லூரியில் இப்படி ஏதாவது பக்கம் இருந்தால், டெஸ்ட் செய்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள். டேட்டா கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்களைப் போன்ற ஒருவருக்கு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்கி: ஜேமீட்டரை இறக்கிக்கொண்டு கண்ட வெப்சைட்டிலும் ஓட்டிப் பார்க்காதீர்கள் மக்கா. அனுமதி இல்லாமல் செய்தால் அது டெஸ்ட் இல்லை, தாக்குதல். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. நம் சிலபஸிலேயே இருக்கிறது ;-)